கோட்டைக்குப் போகிற வண்டி

எங்கள் வீட்டில் கோட்டை பார்க்கப் போகலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், அதற்கப்புறம் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எந்த வண்டியில் போவது என்பதுதான் பேச்சு. 1981-இல் அப்படித்தான் நடந்தது. 2024 டிசம்பரிலும் அப்படித்தான். நடுவில் அப்பா போய்விட்டார், அம்பாசிடர் போய்விட்டது, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு என்று சொல்லுகிற வாய்களும் குறைந்துபோயின. சண்டை மட்டும் மெருகு குலையாமல் இருக்கிறது.

1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. அதைச் சாக்காக வைத்து பினாங்கிலிருந்து அம்மாவின் அண்ணன் வந்திறங்கினார். கையில் ஒரு பிஸ்கட் டின். பிஸ்கட் இரண்டு நாளில் தீர்ந்தது. டின் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஊசி நூல் பெட்டியாக ஊழியம் செய்கிறது. அதன் மூடியில் ஒரு கோட்டை. வெள்ளைச் சுவர், கூம்புக் கூம்பாகக் கோபுரங்கள், பின்னால் பனி மலை. மாமா அதைத் தட்டிக் காட்டி, “என்ன மாப்ள, நம்ம பக்கம் இந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா?” என்றார். மில் ஷிப்டு முடிந்து வந்து காலை நீட்டியிருந்த அப்பாவுக்குச் சுருக்கென்றது.

“ஏன் மச்சான் இல்ல? நாயக்கர் மஹால் இருக்குல்ல.”

இதற்கு மறுப்பு அப்பத்தாவிடமிருந்து வந்தது. “கோர்ட்டையா காட்டப் போற?” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. 1636-இல் திருமலை நாயக்கர் கட்டி முடித்த அரண்மனையில் 1970 வரைக்கும் ஜில்லா கோர்ட்டு நடந்தது. ஒரு வரப்புத் தகராறுக்காக அப்பத்தா அங்கே வாய்தா வாய்தாவாக நடந்தவள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளப்பாகப் பூசிய தூண்கள் என்று ஊரெல்லாம் பெருமை பேசும். அவளுக்கு அவை வக்கீல் வரும்வரை சாய்ந்து உட்கார வசதியானவை, அவ்வளவுதான். இத்தனைக்கும் இப்போது நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கு. மீதியைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். தாத்தா கட்டியதைப் பேரன் பிரிப்பது மதுரையில் புது வழக்கமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பா விடவில்லை. “திருமயம் போவோம். மலை மேல கோட்டை, சுத்தி மதில்” என்றார். அவர் அதைப் பஸ் ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தவர் என்பது அம்மாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

மறுநாள் காலை அப்பாவும் மாமாவும் மேல வெளி வீதி டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, கூடவே ஓடினேன். வரிசையாக அம்பாசிடர்கள், பானெட்டின் மேல் துண்டை விரித்துக்கொண்டு டிரைவர்கள். ஒருவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கணக்குச் சொன்னார். போகிற கிலோமீட்டர், வருகிற கிலோமீட்டர், வெயிட்டிங், டிரைவர் பேட்டா, இருட்டிவிட்டால் நைட் பேட்டா, வழியில் சாப்பாடு. அப்புறம் எத்தனை பேர் என்று கேட்டார். ஒன்பது என்றார் அப்பா.

“அஞ்சு பேருக்குத்தாண்ணே பெர்மிட்டு. பரவால்ல, ஏத்திக்கலாம். மேலூர்ல போலீஸ் நின்னா மட்டும் நாலு பேரு இறங்கி, அங்கிட்டு நடந்து வந்து ஏறிக்கங்க.”

தமிழ் மாநாட்டுக்காகக் கடல் தாண்டி வந்த மாமா, மேலூரில் இறங்கி நடப்பதை நினைத்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. அப்பத்தாவோ முதலிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்: மூடின காரின் வாடை அவளுக்குக் குமட்டும்; காத்தாட பஸ்ஸில் என்றால் வருவாள், இல்லையென்றால் வீட்டில் கிடப்பாள். ஆக பஸ்தான் என்று ஆயிற்று.

அன்றைக்கு நாங்கள் நின்று பேரம் பேசிய இடத்தின் வேடிக்கை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. வெளி வீதி என்றால் கோட்டைக்கு வெளி. விசுவநாத நாயக்கர் மதுரையைச் சுற்றி மதிலும் அகழியும் போட்டு எழுபத்திரண்டு கொத்தளம் எழுப்பினார். பாளையத்துக்கு ஒரு கொத்தளம் பொறுப்பு என்பார்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன், ஊருக்குக் காற்று வேண்டும், இடம் வேண்டும் என்று மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்ததற்கு ஊர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் நினைவாக விளக்குத்தூண் நட்டது. வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட் பேரில் மாரட் வீதி. மேஸ்திரி பெருமாள் பேரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கோட்டையைக் கட்டியவர்களில் ராஜாவைத் தவிர ஒரு மேஸ்திரியின் பேராவது யாருக்காவது தெரியுமா? இடித்த மேஸ்திரிக்கு வீதியே இருக்கிறது. தப்பிய மேற்குக் கொத்தளம் ஒன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் கறுத்துப்போய் இன்னும் நிற்கிறது. இப்படி, இடித்த கோட்டையின் மேல் நின்றுகொண்டு நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோட்டைக்கு எவ்வளவு கேட்பான் என்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

சென்ட்ரலில் டவுன் பஸ் ஏறி அண்ணா பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து காரைக்குடி, காரைக்குடியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ். அப்பா வழியெல்லாம் டி.வி.எஸ். பஸ் புராணம் பாடினார். பழைய கம்பெனி. பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த காலம். அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற காலம். இதை அவர் சொல்லும்போது பஸ் திருப்பத்தூரில் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. என் தங்கை ஜன்னலுக்கு வெளியே இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மாமாவின் வெள்ளைக் கால்சட்டையில் யாருடைய கோழியோ தன் கருத்தைப் பதிவு செய்தது. அந்தக் காலத்துப் பஸ் பயணம் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

திருமயத்தில் இறங்கினோம். சாலையோரத்திலேயே கோட்டை. வெளிச்சுவரை ஒட்டிக் கோட்டை பைரவர். வருகிற லாரி, கார், பஸ் எல்லாம் அங்கே நின்று, ஒரு சிதறுகாய், ஒரு கற்பூரம், கிளம்பிவிடும். திருமயம் பார்த்தேன் என்று சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் பைரவரைப் பார்த்தவர்கள்தான். அப்பாவும் அந்தப் பாதியில்தான் இருந்திருக்கிறார்.

நாங்கள் அப்படிப் போக முடியவில்லை. காரணம், பஸ் போய்விட்டது. அடிக்கிற வெயில் சாயங்காலம் தணிந்தால்தான் அப்பத்தா நகருவாள். காலை பத்தரை மணி. என்ன செய்ய? கோட்டையைப் பார்த்தோம்.

பார்த்தோம் என்றால் வேறு வழியில்லாமல், மூலை முடுக்கு விடாமல் பார்த்தோம். 1687-இல் சேதுபதி கட்டியது. ஏழு சுற்று மதில் இருந்து நாலு மிச்சம் என்றார் வாசலில் உட்கார்ந்திருந்தவர். அது சரிதானா என்று நானும் மாமாவும் இரண்டு தடவை எண்ணினோம். ஊர்க்காரர்கள் அதை ஊமையன் கோட்டை என்பார்கள். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை ஒளிந்திருந்தான் என்று கதை. எங்கே ஒளிந்திருப்பான் என்று தேடியதில் ஒரு மணி நேரம் போயிற்று. பாறை நடுவில் ஒரு குகை. இரும்பு ஏணி பிடித்து ஏறினால் உள்ளே லிங்கம். உச்சியில் ஒரு பீரங்கி. அதன் வாய்க்குள் கையை விட்டு, தங்கை வைத்திருந்த கடலை மிட்டாயை இழந்தேன். பீரங்கி வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று மாமா பஞ்சாங்கம் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, “புதுக்கோட்டைக்காரனத்தான் நம்பல போலிருக்கு” என்றார். அகழி ஓரம் மதில் நிழலில் புளியோதரை. அப்பத்தா மலையடிவாரத்தில், பாறையைக் குடைந்து பள்ளிகொண்ட பெருமாள் முன்னால் தானும் பள்ளிகொண்டாள். பக்கத்திலேயே அதே பாறையில் சிவனுக்கும் கோயில். வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு கோயில்காரர்களுக்கும் நடந்த வழக்கு 13-ஆம் நூற்றாண்டில் தீர்ந்து, தீர்ப்பு கல்வெட்டாகவே இருக்கிறது. காரா பஸ்ஸா என்ற வழக்குக்கும் யாராவது அப்படிக் கல்லில் வெட்டி வைத்திருந்தால் எங்கள் குடும்பத்துக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடச் சுற்றுலா. வண்டி தேடுகிற தொல்லையே இல்லை. ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஸ்பெஷல் பஸ். முதலில் பாஞ்சாலங்குறிச்சி. சிவாஜி படம் பார்த்து வசனம் மனப்பாடம் செய்திருந்த வகுப்பு முழுக்க வாசலிலேயே கர்ஜித்தது. அசல் கோட்டையை வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டான். நாங்கள் கர்ஜித்தது 1974-இல் கட்டிய நினைவுக் கோட்டையில். நான் 1969-இல் பிறந்தவன். என்னைவிட ஐந்து வயது இளைய கோட்டையைத் தொட்டு, “இந்தத் தூணில்தான் கட்டபொம்மன் சாய்ந்திருப்பான்” என்று கண்கலங்கினேன். அங்கே இருபது நிமிஷம் கொடுத்தார்கள். பதினைந்து நிமிஷம் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணினார்கள்.

அங்கிருந்து பத்மநாபபுரம். போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. அரண்மனைக்கு அன்றைக்கு விடுமுறை. அறுபது பேரும் பூட்டிய கதவைப் பார்த்து வரிசையில் நின்று, மறுபடி தலை எண்ணப்பட்டு, பஸ் ஏறினோம். ‘நான் சென்ற சுற்றுலா’ கட்டுரையில் அதன் மரவேலைப்பாட்டையும் கறுப்புத் தரையின் பளபளப்பையும் ஒன்றரைப் பக்கம் வருணித்தேன். ‘நன்று’ போட்டிருந்தார்கள். என் எழுத்து வாழ்க்கை அங்கேதான் ஆரம்பமாயிற்று.

இனி 2024. மகன் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தான். சட்டையில் பொத்தான் அறுந்ததென்று அவன் அம்மா பிஸ்கட் டின்னை எடுத்தாள். மூடியைப் பார்த்ததும், “இது நொய்ஷ்வான்ஸ்டைன்ப்பா. நான் போயிருக்கேன்” என்றான். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் பேர் தெரியாமல் குடியிருந்த கோட்டைக்கு அன்றைக்குத்தான் பேர் கிடைத்தது. இரண்டாம் லுட்விக் என்ற ராஜா 1869-இல் கட்ட ஆரம்பித்து, முடிக்காமலே 1886-இல் செத்துப்போனானாம். செத்த சில வாரத்திலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்களாம். நம் ஊரில் கட்டி முடித்ததைப் பிரித்தார்கள். அவர்கள் முடியாததற்கே டிக்கெட் போட்டார்கள். முன்னேறிய நாடு என்பது சும்மா இல்லை.

“எப்படிப் போன?” என்று கேட்டேன், எங்கள் குடும்பத்துக் கேள்வி வேறு எதுவாக இருக்கும்?

டூர் பஸ்ஸா வாடகைக் காரா என்று அவனும் கூட்டாளிகளும் ஒரு வாரம் விவாதித்திருக்கிறார்கள். (ரத்தம்தானே.) பஸ் என்றால் அவன் சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும், அவன் நிறுத்துகிற கடையில் வாங்க வேண்டும் என்று கடைசியில் கார் எடுத்தார்கள். காரைக் கீழே நிறுத்திவிட்டு மலை ஏறி, டிக்கெட்டில் போட்ட மணிக்கு உள்ளே போய், வழிகாட்டி பின்னாலேயே அரை மணி நேரம் நடந்து, படம் எடுக்காமல் வெளியே வந்தார்கள். கார் எடுத்தாலும் உள்ளே டூர் பஸ்தான் என்று நான் சொல்லவில்லை. அப்பா இருந்தால் சொல்லியிருப்பார்.

நம் பக்கத்துக் கோட்டையையும் பார்க்கட்டும் என்று திருமயத்துக்குக் கூப்பிட்டேன். “திருமயத்துக்கு எந்த ஸ்லாட் புக் பண்ணணும்?” என்று கேட்டான். நான் வாசலில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துக்கொண்டேன்.

கார்தான், அதுவும் தானே ஓட்டுவதுதான் என்றான். நான் பஸ்ஸின் பெருமையை எடுத்துச் சொன்னேன். “நீங்க கடைசியா பஸ்ல எப்பங்க போனீங்க?” என்றாள் மனைவி. விவாதம் அத்தோடு முடிந்தது.

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒருவரிடம் செல்ஃப் டிரைவ் கார் பேசினோம். வெள்ளை நம்பர் பிளேட். “யாராச்சும் நிப்பாட்டிக் கேட்டா, என் பேரச் சொல்லி மச்சான் வண்டின்னு சொல்லிருங்க சார்” என்றார். மகன் முகம், மேலூரில் இறங்கி நடக்கச் சொன்னபோது இருந்த மாமாவின் முகமாகிவிட்டது. வாடகைக்கு விடுகிற கார் என்றால் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும் என்று சட்டம் பேசினான். தேடி அலைந்து, அந்த நிறத்தில் ஒன்றைப் பிடித்தோம். முன்பணம், ஆதார், லைசென்ஸ், இத்தனை கிலோமீட்டருக்கு மேல் போனால் தனிக் காசு, பெட்ரோல் முள் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அந்தக் கோட்டிலேயே திரும்ப வர வேண்டும், ராத்திரி ஒன்பதுக்கு வண்டி வந்தாக வேண்டும். கார்க்காரப் பையன் காரைச் சுற்றிச் சுற்றி செல்போனில் வீடியோ எடுத்தான். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிமிஷம். திருமயம் கல்வெட்டைக்கூட யாரும் இவ்வளவு கவனமாகப் படியெடுத்திருக்க மாட்டார்கள்.

சிட்டம்பட்டி டோலில் ‘டிங்’ என்றது; மேலூர் தாண்டினோம், போலீஸ் இல்லை, யாரும் இறங்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் திருமயம். பைரவருக்குச் சிதறுகாய் உடைத்தோம். காரை எங்கே நிறுத்துவது என்று கால் மணி நேரம். வெயில் பட்டால் உள்ளே கொதிக்கும் என்று, அகழி ஓரம் நிழலாக நின்ற ஒரு சீமைக்கருவேல மரத்தடியில் நிறுத்தினான்.

ஐம்பது நிமிஷத்தில் கோட்டையை முடித்தோம். அதில் பத்து நிமிஷம் மகன் உச்சியில் நின்று, கார் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பீரங்கி அப்படியே இருந்தது. வாய்க்குள் கை விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது; அறுபதை எட்டப் போகிற கை, வெளியே வராவிட்டால் என்ன சொல்லுவது? மதிலை எண்ணவில்லை. பெருமாளைப் பார்க்கலாமென்றாள் மனைவி. “வண்டி எடுத்ததுக்கு இன்னும் ரெண்டு இடமாவது பாக்கணும்மா” என்றான் மகன்.

அந்த ரெண்டு இடம்: கானாடுகாத்தானில் செட்டிநாட்டு அரண்மனையின் வெளிக்கதவு. சிவகங்கையில் வேலு நாச்சியார் வாழ்ந்த அரண்மனையின் வெளிச்சுவர், அதுவும் ஓடுகிற காரிலிருந்து. ஒன்பது மணி ஒன்பது மணி என்று மகன் சொல்லிக்கொண்டே வந்தான். பள்ளிக்கூடத்தில் தலை எண்ணிய சார் நினைவுக்கு வந்தார். அவராவது இருபது நிமிஷம் கொடுத்தார். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதற்காகத்தான் கார் எடுத்தது. டீக்கு ஒரு இடத்தில், கழிப்பறைக்கு ஒரு இடத்தில் நிறுத்தினோம்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காரை ஒப்படைத்தோம். பையன் டார்ச் அடித்து வந்தான். இடது பக்கக் கதவில் மூன்று நீளக் கீறல். காலையில் எடுத்த வீடியோவில் அவை இல்லை.

கருவேல முள். நம் முன்னோர் அரணை நான்காகப் பிரித்து, அதில் காட்டரணையும் ஒன்றாக வைத்தது சும்மாவா? 1687-இல் கட்டிய கோட்டையை மலையரண் கைவிட்டது, நீரரண் வற்றியது. முள் மட்டும் தன் கடமையை மறக்காமல், கடைசியாகப் படையெடுத்து வந்த எங்களைத் தாக்கிவிட்டது. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதைப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டான்.

ஆட்டோ பிடித்து, பழைய சென்ட்ரலான பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்தோம். கொத்தளம் இருட்டில் நின்றது. மகன் அதைப் பார்த்து, “இது என்னப்பா, பழைய தண்ணித் தொட்டியா?” என்றான். சொன்னேன். எழுபத்திரண்டு, பிளாக்பர்ன், பெருமாள் மேஸ்திரி என்று நான் ஆரம்பித்ததும் நின்று கேட்டான். அன்றைக்கு அவன் ஒரு கோட்டையை நின்று கேட்டது அங்கேதான். பக்கத்தில் போய்க் கல்லைத் தொட்டான். டிக்கெட் இல்லை, ஸ்லாட் இல்லை, கார் எங்கே நிற்கிறது என்ற கவலையும் இல்லை.

“பஸ் வந்துருச்சுங்க” என்றாள் மனைவி.

காலையிலிருந்து பெருமாளைப் பார்க்காத கோபத்தில் இருந்தவள். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ். கண்டக்டர் அவளுக்குக் காசில்லாமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எங்கள் இருவரிடம் சில்லறை கேட்டார். மகன் பையில் ஐநூறு ரூபாய்த் தாளும் ஒரு யூரோ நாணயமும் இருந்தன. என் பர்ஸை முன்பணப் பஞ்சாயத்தில் மகனுடைய பைக்குள் எங்கோ திணித்திருந்தேன்.

“சில்லறை இல்லேன்னா இறங்கிக்கங்க சார்” என்றார் கண்டக்டர்.

மனைவி ஜன்னலோரம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் கார்ல வாங்க” என்றாள்.